ஒரு டிக், ஒரு சிறிய பத்தி: பார்வையிழந்த ஒருவரின் வரிக் கணக்கும் அமெரிக்காவின் இலவச உதவி மையமும்

அமெரிக்காவில் வருமான வரிக் கணக்கை இலவசமாகத் தாக்கல் செய்துதரும் மையங்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியும். மாற்றுத்திறனாளி ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் ஆதரவில் நடக்கும் வீட்டா (VITA) என்ற இலவச வரி உதவித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்து பார்த்ததை வைத்து ஒரு நிகழ்வை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். வீட்டா தன்னார்வலர் தன்னிடம் வந்தவரின் வரி விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. நல்ல விதி அது. அதனால் இதில் வரும் மனிதர் ஒரே ஆள் அல்ல. அந்த மேசைக்குத் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளைச் சேர்த்து ஒருவராக எழுதியிருக்கிறேன். சம்பளம், உதவித்தொகை போன்ற தொகைகளும் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. சட்டம், வரம்புகள், படிவங்கள், ஆண்டுகள் எல்லாம் உள்ளது உள்ளபடி.

என் கருத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டணம் வாங்காததோடு நம் கடமை முடிந்துவிட்டதாகப் பல மையங்கள் நினைக்கின்றன. வந்தவரின் காகிதங்களை அவர் காதுபட முழுதாகப் படித்து, அவருடைய குறைபாட்டால் சட்டத்தில் எந்தெந்தக் கதவுகள் திறக்கின்றன என்று தேடி, கடைசியில் அவரே கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடும்படி செய்கிற வரைக்கும் அந்த உதவி பாதியில்தான் நிற்கிறது.

திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

வீட்டா ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. நூலகம், சமுதாயக் கூடம், கல்லூரி வளாகம் என்று கிடைத்த இடத்தில் ஜனவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் 15 வரை ஓடும். யாருக்கெல்லாம் என்று ஐஆர்எஸ் மூன்று வகை சொல்கிறது: பொதுவாக ஒரு வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் (2025 பருவத்தில் அது 67,000 டாலர்), மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்கள். மாற்றுத்திறனாளிகள் தனி வகையாகவே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். இதோடு ஒட்டி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான டிசிஇ என்ற இன்னொரு திட்டமும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

தன்னார்வலர்கள் சும்மா வந்து உட்கார்ந்துவிட முடியாது. நடத்தை விதிகளுக்கு ஒரு தேர்வு, வரிச் சட்டத்துக்கு ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது. அந்தச் சரிபார்ப்பில் வரி செலுத்துபவரும் கலந்துகொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

வந்தவரின் நிலைமை

46 வயது ஆண். மணமாகாதவர். 2021இல், 41 வயதில், விழித்திரை நோயால் பார்வை போனது. வேலையும் போனது. எஸ்எஸ்டிஐ எனப்படும் ஊனமுற்றோர் காப்பீட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள், மேல்முறையீடு செய்தார். வழக்கறிஞர் வைத்துப் போராடி 2024 நடுவில்தான் தீர்ப்பு சாதகமாக வந்தது. 2022இலிருந்து சேர வேண்டிய பணம் மொத்தமாக வந்து சேர்ந்தது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கையில் ஒரு காசு வருமானம் இல்லாமல் அக்கா வீட்டில் இருந்தார். 2024 தொடக்கத்தில் பகுதிநேர வேலை ஒன்று கிடைத்ததும் தனி வீட்டுக்குப் போனார்.

2026 பிப்ரவரியில் வீட்டா மையத்துக்கு வந்தபோது அவர் கேட்டது 2025ஆம் ஆண்டுக் கணக்கை மட்டும்தான். அக்காதான் காரில் கூட்டி வந்தார். போன ஆண்டு ஒரு கட்டண அலுவலகத்தில் தாக்கல் செய்திருக்கிறார்கள். சில நூறு டாலர் கட்டணத்தை ரீஃபண்டிலிருந்தே பிடித்துக்கொண்டார்கள். இந்த ஆண்டு அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்றுதான் வந்தார்கள்.

2025ஆம் ஆண்டுக் கணக்கில் சிக்கல் ஒன்றும் இல்லை, சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் போன ஆண்டுக் கணக்கின் நகலையும் கேட்டுவாங்கிப் பார்ப்பது நல்ல வழக்கம். பார்த்தால், முதல் பக்கத்திலேயே கண்ணில் பட்டது.

காலியாக இருந்த கட்டம்

2024ஆம் ஆண்டுக்கான 1040 என்ற வரிக் கணக்குப் படிவத்தின் முதல் பக்கத்தில், வயதும் பார்வையும் கேட்கிற ஒரு வரி இருந்தது. 'பார்வையற்றவர்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போட்டால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன், அதாவது எல்லோருக்கும் கிடைக்கும் அடிப்படைக் கழிவு, கூடுதலாகும். 2024ஆம் ஆண்டுக்குத் தனியாளுக்கு 14,600 டாலர் கழிவு. பார்வையற்றவருக்கு மேலும் 1,950 டாலர். 2025க்கு அது 15,750உம் 2,000உம் ஆனது.

அவர் கணக்கில் அந்தக் கட்டம் காலி.

எதிரே வெள்ளைக் கோலோடு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்தக் கட்டத்தை எப்படி விட்டார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பலமுறை பார்த்த பிறகு காரணமும் புரிகிறது. கட்டண அலுவலகங்களில் பலர் காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அல்லது வீட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படிவத்தில் எழுதாததை யாரும் கேட்பதில்லை. கேட்கவும் சிலருக்குச் சங்கடம். ஒருவரின் உடல் குறையைப் பற்றிக் கேட்பது மரியாதைக்குறைவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வரிக் கணக்கில் அந்தக் கூச்சத்துக்கு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவர் வந்தவர்தான்.

முழுப் பார்வை போயிருக்க வேண்டும் என்பதும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டும் நல்ல கண்ணில் 20/200க்கு மேல் பார்க்க முடியாதவரும், பார்வைப் பரப்பு 20 டிகிரிக்கு மேல் இல்லாதவரும் சட்டப்படி பார்வையற்றவர்தான். கண் மருத்துவரின் சான்றுக் கடிதம் கையில் இருக்க வேண்டும். கணக்கோடு அனுப்பத் தேவையில்லை. இனி தேறாது என்று அதில் எழுதியிருந்தால் ஆண்டுதோறும் புதிதாக வாங்கவும் வேண்டாம். பாதிப் பார்வை உள்ள பலர், 'நான்தான் கொஞ்சம் பார்க்கிறேனே' என்று தாங்களே இந்தக் கழிவை விட்டுவிடுகிறார்கள். அதனால் 'பார்வையற்றவரா' என்று கேட்பதைவிட, 'கண் டாக்டர் பார்வை அளவு ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா' என்று கேட்பது பலன் தரும்.

அந்த ஒரு டிக்கால் அவருக்கு வரியில் மிச்சமாகக்கூடியது 195 டாலர். பெரிய சிக்கல் வேறொரு காகிதத்தில் இருந்தது.

யாரும் படித்துக்காட்டாத பத்தி

எஸ்எஸ்டிஐ உதவித்தொகை தரும் சமூகப் பாதுகாப்பு அலுவலகம் ஆண்டுதோறும் ஜனவரியில் எஸ்எஸ்ஏ-1099 என்ற ஒரு தாள் அனுப்பும். அந்த ஆண்டு எவ்வளவு உதவித்தொகை கொடுத்தோம் என்ற கணக்கு அது. கீழே ஐந்தாம் பெட்டியில் நிகரத் தொகை இருக்கும். அவசரத்தில் இருப்பவர் அந்த எண்ணை மட்டும் கணினியில் தட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். மூன்றாம் பெட்டிக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு விளக்கப் பத்தி இருக்கிறது. எவ்வளவு நேரடியாக வங்கிக்குப் போனது, வழக்கறிஞருக்கு எவ்வளவு போனது, இந்த ஆண்டில் கொடுத்ததில் போன ஆண்டுகளுக்கு உரியது எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான்.

இவருடைய தாளில் ஐந்தாம் பெட்டியில் 40,500 டாலர். அதைக் கேட்டதும் அவர், 'அவ்வளவு எனக்கு வரவே இல்லையே' என்றார். உண்மைதான். 7,200 டாலர் வழக்கறிஞருக்கு நேரே போய்விட்டது. நிலுவைத் தொகையில் நான்கில் ஒரு பங்கு அல்லது அப்போதிருந்த உச்சவரம்பான 7,200 டாலர், இதில் எது குறைவோ அதை அலுவலகமே பிடித்து வழக்கறிஞருக்கு அனுப்பும். ஆனால் வரிக் கணக்கில் அது இவருக்கு வந்த பணமாகத்தான் நிற்கும். கையில் வராத பணத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருப்பது வருத்தமான விஷயம். அதை நிதானமாக விளக்கிச் சொல்லாவிட்டால் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே அவர் நினைப்பார்.

அடுத்த வரிகளைப் படித்தேன். 2024இல் கொடுத்தது, 2023க்கு உரியது: 14,000. 2022க்கு உரியது: 12,000. ஆக 2024க்கு உரியது வெறும் 14,500.

'இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா?'

'இல்லை. தொகை எவ்வளவு என்று மட்டும் சொன்னார்கள்.'

இங்கேதான் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. பழைய ஆண்டுகளுக்கான உதவித்தொகை மொத்தமாக வந்தால், அந்தந்த ஆண்டின் பகுதியை அந்தந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்த்துப் பார்த்து வரிக்குரிய தொகையைக் கணக்கிடலாம். பழைய ஆண்டுக் கணக்குகளைத் திருத்த வேண்டியதில்லை. பணம் வந்த ஆண்டின் படிவத்தில் ஆறாம் வரியிலேயே ஒரு கட்டத்தில் டிக் போட்டு, ஒரு பணித்தாளில் கணக்குப் போட்டால் போதும். செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, லாபம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். கேட்காதவருக்குத் தானாகக் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். 2024இல் அவருடைய சம்பளம் 18,000 டாலர். சமூகப் பாதுகாப்புத் தொகை வரிக்கு உட்படுமா என்று பார்க்க, அதில் பாதியை மற்ற வருமானத்தோடு கூட்டுவார்கள். மொத்தத் தொகையையும் 2024லேயே போட்டால் 20,250உம் 18,000உம் சேர்ந்து 38,250. தனியாளுக்கு 25,000 முதல் எல்லை, 34,000 இரண்டாம் எல்லை. இரண்டையும் தாண்டிவிட்டார். 8,112 டாலர் வரிக்குரிய வருமானமாகச் சேர்ந்தது. கழிவு 14,600 மட்டுமே போட்டதால் வரி சுமார் 1,150 டாலர். வருமானம் ஏறிவிட்டதால், குறைந்த சம்பளக்காரர்களுக்கான இஐடிசி சலுகையும் போச்சு.

பிரித்துப் போட்டால்? 2022லும் 2023லும் அவருக்கு வேறு வருமானமே இல்லை. அந்த ஆண்டுகளின் பகுதிக்கு வரி பூஜ்யம். 2024இன் 14,500இல் பாதி 7,250, சம்பளத்தோடு சேர்த்து 25,250. முதல் எல்லையை 250தான் தாண்டுகிறது; அதில் பாதி, 125 டாலர் மட்டும் வரிக்கு உட்படும். பார்வையற்றவருக்கான கழிவும் சேர்ந்தால் வரி 160 டாலருக்குள் அடங்கிவிடும். வருமானம் இஐடிசி வரம்பான 18,591க்குக் கீழே வருவதால் முப்பது டாலர் சொச்சம் அதிலும் கிடைக்கும். மொத்தத்தில் ஆயிரம் டாலருக்குச் சற்று மேல் திரும்ப வர வேண்டியிருந்தது.

அந்த 25,000 எல்லை 1983இல் வைத்தது, 34,000 எல்லை 1993இல் வைத்தது. விலைவாசிக்கு ஏற்ப அவற்றை இன்றுவரை உயர்த்தவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் வசதியானவர்களுக்கு என்று போட்ட கோட்டில் இன்று பகுதிநேர வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளி தடுக்கி விழுகிறார். இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, 2024 கணக்கை 1040-எக்ஸ் படிவத்தில் திருத்த முடிவாயிற்று. தாக்கல் செய்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு என்பதால் நேரம் இருந்தது. மேல்நிலைத் தேர்வு எழுதிய தன்னார்வலர் வீட்டா மையத்திலேயே இதைச் செய்யலாம்.

கூட வந்த அக்கா

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். அக்கா பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2022, 2023 பற்றிக் கேட்கும்போது, 'அப்போது என் வீட்டில்தானே இருந்தான், சாப்பாடு, மருந்து எல்லாம் நான்தான்' என்றார். நீங்கள் கணக்கில் தம்பியைச் சார்ந்திருப்பவராகக் காட்டினீர்களா என்று கேட்டோம். 'அவன் என்ன குழந்தையா?' என்று திருப்பிக் கேட்டார்.

வரிச் சட்டத்தின் பார்வையில், ஆம், குழந்தையாகலாம். 'தகுதியுள்ள குழந்தை' என்ற பிரிவில் உடன்பிறந்தவரும் அடங்குவார். வயது வரம்பு இருக்கிறது. ஆனால் நிரந்தரமாக, முழுமையாக ஊனமுற்றவர் என்றால் எந்த வயதானாலும் சரி. உடல் அல்லது மனநிலையால் குறிப்பிடத்தக்க வருமானம் தரும் வேலை எதையும் செய்ய முடியாத நிலை, அது ஓராண்டாவது நீடிக்கும் என்று மருத்துவர் தீர்மானித்தது, இதுதான் அளவுகோல். அந்த இரண்டு ஆண்டுகளும் தம்பி அந்த வீட்டில்தான் வசித்தார், வேலை பார்க்கவில்லை, செலவெல்லாம் அக்காவுடையது. 2021இலிருந்தே ஊனம் என்று தீர்ப்பும் கையில் இருக்கிறது. மருத்துவர் கடிதம் ஒன்று வாங்கி வைத்தால் போதும்.

அக்காவுக்கும் மணமாகவில்லை, ஆண்டுச் சம்பளம் 30,000 டாலர், இரண்டு ஆண்டும் 'தனியாள்' என்றே தாக்கல் செய்திருக்கிறார். தம்பியைச் சேர்த்தால் 'குடும்பத் தலைவர்' நிலை கிடைக்கிறது. 2023க்கு கழிவு 13,850இலிருந்து 20,800 ஆகிறது. சார்ந்திருப்பவருக்கு 500 டாலர் சலுகை. அதற்கும் மேல், ஒரு குழந்தை உள்ளவருக்கான இஐடிசி. 2023க்கு அது மட்டும் சுமார் 2,640 டாலர். மூன்றையும் கூட்டினால் 2023க்கு 3,900 டாலருக்கு மேல், 2022க்கு 3,400 டாலர் போல.

ஆக, தம்பியின் கணக்கில் வந்த பணத்தைவிட ஏழு மடங்கு அக்காவின் கணக்கில் கிடந்தது. அவர் அன்று தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. பராமரிப்பவர்களைக் காரோட்டியாக மட்டும் பார்க்கிற மையம் இதைத் தவறவிடும். ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவரிடம், கூட வந்திருந்தால் அவருடைய கணக்கையும் பற்றி இரண்டு கேள்வி கேட்பதை எந்த மையமும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு நெருக்கடி மட்டும் இருந்தது. 2022ஆம் ஆண்டுக் கணக்கைத் திருத்த அவகாசம் 2026 ஏப்ரல் நடுவோடு முடிய இருந்தது. திருத்தக் கணக்கை நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும்தான் மின்வழி அனுப்ப முடியும். அதனால் 2022ஐக் காகிதத்தில் அச்சிட்டு, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஏப்ரலில் வந்திருந்தால் மருத்துவர் கடிதம் வாங்கவே நேரம் போதாமல் போயிருக்கும்.

மேசையில் எப்படி நடக்க வேண்டும்

இனி, அந்த மேசையில் வேலை நடந்த விதம். வீட்டாவில் எல்லாம் 13614-சி என்ற கேள்விப் படிவத்தில்தான் தொடங்கும். பல பக்கம், நெருக்கமான கட்டங்கள். வாசலில் கிளிப்போர்டில் செருகி, பேனாவோடு கையில் கொடுப்பார்கள். பார்வையற்றவருக்கு அதை அக்கா நிரப்புவார் என்று விட்டுவிடுவதுதான் சுலபம். அதைச் செய்யக் கூடாது. சம்பளம், கடன், மருத்துவம் என்று ஒருவரின் அந்தரங்கமெல்லாம் அதில் இருக்கிறது. அக்காவுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று அவர் விரும்புகிறாரா என்பதை முதலில் அவரிடம் கேட்க வேண்டும். தனி மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் படித்து, அவர் சொல்வதை எழுதுவதே சரியான முறை. நேரம் பிடிக்கும். அதற்குத் தக்கபடி நீளமான முன்பதிவு நேரம் ஒதுக்க வேண்டும்.

அப்புறம் கேள்வியை அவரிடமே கேட்க வேண்டும். 'அவருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறதா?' என்று அக்காவைப் பார்த்துக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். நமக்குத் தேவையான தகவலும் அதோடு நின்றுவிடும்.

கணக்கு முடிந்ததும் திரையைத் திருப்பிக் காட்டுவது வழக்கம். இங்கே திரைக்குப் பதிலாகக் குரல். பெயர், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பெட்டி பெட்டியாகச் சம்பளம், கழிவு, வரி, ரீஃபண்ட், வங்கிக் கணக்கு எண் என்று சரிபார்ப்பவர் வரிசையாகப் படிக்க, அவர் தன் கைபேசியில் இருக்கும் எண்களோடு ஒப்பிட்டார். வங்கிக் கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தது அவர்தான். எங்கள் இருவர் கண்ணிலும் அது படவில்லை. வரி செலுத்துபவர் சரிபார்ப்பில் கலந்துகொள்ள வேண்டும் என்ற விதிக்கு இதைவிட நல்ல நியாயம் எனக்குத் தெரியாது.

கையெழுத்துக்கு 8879 படிவம். நடுவில் நீளமாக ஒரு துளை வெட்டிய கெட்டி அட்டையைக் கோட்டின்மேல் வைத்தால், அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து அந்தத் துளைக்குள் அவரே கையெழுத்துப் போடுவார். மிக மலிவான பொருள். அவர் தன் பையில் வைத்திருந்தார், மையத்தில் இல்லை. பிறகு வாங்கி வைத்தார்கள்.

முடித்த கணக்கின் நகலை ஓர் உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பார்வையற்றவருக்கு அது வெறும் தாள். மென்பொருள் உருவாக்கும் பிடிஎஃப்பும் பல நேரங்களில் ஸ்கிரீன் ரீடரில் சரியாகப் படிக்காது. எண்கள் மட்டும் வரிசையாக வரும், எது எந்த வரி என்று புரியாது. முக்கியமான எண்களை மட்டும் சாதாரண எழுத்துக் கோப்பாகத் தட்டி, அவருடைய பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு அது. வரித் தயாரிப்பு மென்பொருள் வாங்கும்போதே, அது தரும் நகல் ஸ்கிரீன் ரீடரில் படிக்குமா என்று கேட்டு வாங்குவதே நிரந்தர வழி.

இன்னொன்று, 9000ஆம் எண் படிவம். ஐஆர்எஸ் இனி அனுப்பும் கடிதங்கள் பிரெய்லில் வேண்டுமா, பெரிய எழுத்திலா, ஒலிக்கோப்பாகவா, எழுத்துக் கோப்பாகவா என்று அதில் குறிப்பிடலாம். 2022 முதல் இருக்கிறது. கணக்கோடு சேர்த்தே அனுப்பலாம். இது இருப்பது பல தன்னார்வலர்களுக்கே தெரியாது. திருத்தக் கணக்குக்கு ஐஆர்எஸ் பொதுவாக 8 முதல் 12 வாரம், சில நேரம் 16 வாரம்வரை எடுக்கும். நடுவில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பதில் சொல்லக் கெடு உண்டு. அந்தக் கடிதம் அவரால் படிக்க முடியாத தாளாக வந்து மேசையில் கிடந்தால் இவ்வளவு வேலையும் வீண்.

இணையம் வழியாக எல்லாம் தானே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஐஆர்எஸ் இணையக் கணக்கைத் திறக்க ஐடி.மீ வழியாக அடையாளம் காட்ட வேண்டும். முகத்தைக் கைபேசியின் வட்டத்துக்குள் கொண்டுவந்து செல்ஃபி எடுக்கச் சொல்லும். அந்த வட்டத்தைப் பார்க்க முடியாதவருக்கு, ஓர் ஊழியரோடு வீடியோ அழைப்பில் பேசி முடிக்கும் மாற்று வழி இருக்கிறது. அதையும் யாராவது சொன்னால்தான் தெரியும். ஐஆர்எஸ் தானே நடத்திய டைரக்ட் ஃபைல் என்ற இலவச இணைய வசதி 2024இல் 12 மாநிலங்களில் தொடங்கி 2025இல் 25 மாநிலங்களுக்குப் போனது; 2026 பருவத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கு ஆள் எதிரே உட்கார்ந்து செய்யும் மையங்களின் சுமை இதனால் கூடத்தான் செய்யும்.

'ரீஃபண்ட் வந்தால் உதவித்தொகை போய்விடுமா?'

இந்தக் கேள்வி எல்லோரிடமிருந்தும் வரும். இந்த பயத்தால் கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் இருக்கிறார்கள். எஸ்எஸ்டிஐ வாங்குபவருக்குச் சொத்து வரம்பு கிடையாது. அவருக்கு அந்த பயம் வேண்டாம். வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான எஸ்எஸ்ஐ என்ற இன்னொரு உதவித்தொகைக்குத்தான் வரம்பு உண்டு: தனியாளுக்கு 2,000 டாலர், தம்பதிக்கு 3,000. 1989இலிருந்து அதே தொகை. ஆனாலும் மத்திய வரி ரீஃபண்டை வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குச் சொத்தாகவும் எண்ணக் கூடாது என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாக்கிவிட்டது. அந்த 12 மாதத்துக்குள் செலவழிக்க வேண்டும் அல்லது மாற்றுத்திறனாளிகளுக்கான ஏபிள் என்ற சேமிப்புக் கணக்கில் போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமை.

ஏபிள் கணக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதில் சேமிக்கும் பணம், 1,00,000 டாலர் வரை, எஸ்எஸ்ஐ வரம்பில் சேராது. 26 வயதுக்கு முன் ஊனம் ஏற்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் 46 வயதுக்கு முன் என்று மாறியிருக்கிறது. 41 வயதில் பார்வை இழந்த இவர் இப்போது திறக்கலாம். 2025வரை முடியாது என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு இந்த மாற்றத்தை யார் சொல்வது? வரிக் கணக்கு மேசை அதற்கு நல்ல இடம்.

இந்த நிகழ்வில் தொடாதவை

பார்வையிழப்பைப் பற்றி மட்டும் எழுதினேன். காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்; காகிதத்தில் எழுதிக் காட்டிச் சமாளிப்பது வரிச் சட்டம் போன்ற விஷயத்தில் போதவே போதாது. காது கேளாதவர்களில் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்து ஆங்கிலம் பலருக்கு இரண்டாம் மொழி. அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குச் சுருக்கமான வாக்கியங்களும் அவசரப்படுத்தாத நேரமும் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் இருக்கும்; ஆனால் மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் இருக்காது. வீட்டைவிட்டு வர முடியாதவருக்கு ஆவணங்களைப் பாதுகாப்பாக அனுப்பி, தொலைபேசியில் பேசி முடிக்கும் முறை வீட்டாவில் இருக்கிறது. எல்லா மையங்களும் அதைச் செய்வதில்லை. மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டமும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கக் கூடாது என்று 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு சொல்கிறது. வசதி கேட்பது சலுகை கேட்பதல்ல, அது அவர்கள் உரிமை.

வீட்டாவுக்கு எல்லைகளும் உண்டு. சிக்கலான தொழில் கணக்கு, வாடகைச் சொத்தின் தேய்மானம் போன்றவற்றைப் பொதுவாகத் தொட மாட்டார்கள். அப்போது முடியாது என்று அனுப்பிவிடாமல், வேறு எங்கே போகலாம் என்று வழி காட்ட வேண்டும்.

மையத்துக்குப் போகிறவர்களுக்கு: போன மூன்று ஆண்டுக் கணக்குகளின் நகல், எஸ்எஸ்ஏ-1099இன் முழுத் தாள், தீர்ப்புக் கடிதம், மருத்துவரின் சான்று, வங்கிக் கணக்கு எண் எழுதிய ஏதாவது ஒன்று, இவற்றைக் கொண்டுபோங்கள். முன்பதிவு செய்யும்போதே என்ன வசதி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உங்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் கூட வந்தால், அவருடைய கணக்குத் தாள்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பழைய ஆண்டுக் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தால், அதன் மூன்று ஆண்டு அவகாசம் முடியும் ஏப்ரல் வரை காத்திருக்காமல் மார்ச்சுக்குள் போய்விடுங்கள்.